கை பட்ட உப்பு

வாழைப்பழம் ஒன்று 62 இலட்சம் டொலருக்கு ஏலம்போகும் காலம் இது. புத்தளம் கரையின் உப்பும் வலையும் கிடுகும் கலைக்கூடத்துக்குள் நுழைந்தால் யாருக்கு என்ன கிடைக்கும்?

பாலாவி உப்பளத்தில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. கீழே வெள்ளை, மேலே வெள்ளை. கண் கூசித் தண்ணீர் வடியும். அதனால் இருட்டு கலையும்போதே கணுக்காலளவு உப்பு நீரில் இறங்குகிறார்கள். கையில் நீளக் கழி, நுனியில் மரப்பலகை. பலகையை இழுக்க இழுக்க, அடியில் படிந்த பளிங்குகள் சரசரவென்று நொறுங்கி வரப்போரம் குவிகின்றன.

பார்க்க எளிய வேலைதான். ஆனால் பலகை பாத்தியின் தரையைக் கீறிவிடக் கூடாது. கீறினால் சேறு கலக்கும், உப்புக் கறுத்துவிடும். தரைக்கும் உப்புக்கும் நடுவே நூலளவு இடைவெளி. அதைக் கண் பார்ப்பதில்லை, கைதான் பார்க்கிறது. பல வருடம் பழகிய கை.

இதே உப்பை ஜப்பானியக் கலைஞர் மோத்தோய் யமமோத்தோ பிளாஸ்டிக் புட்டியில் நிரப்பி, தரையில் மெல்லிய கோடாக வடித்துச் செல்கிறார். நாட்கணக்கில் குனிந்திருந்து அவர் இழுக்கும் கோடுகள் பெரிய புதிர்வட்டமாக விரிகின்றன. 1994ஆம் ஆண்டு அவருடைய தங்கை மூளைப் புற்றுநோயால் இறந்தாள். அவளுக்கு 24 வயது. ஜப்பானில் மரணச் சடங்குக்குப் பின் தூய்மைக்காக உப்பைத் தூவுவார்கள். அந்தச் சடங்குப் பொருளையே அவர் தன் துக்கத்தின் பொருளாக எடுத்துக்கொண்டார். கண்காட்சி முடியும் நாளில் பார்க்க வந்தவர்களே உப்பை அள்ளிக் கொண்டுபோய்க் கடலில் கரைத்துவிடுவார்கள். புது வீட்டுக்கு முதற்பொருளாக உப்பும் மஞ்சளும் கொண்டுபோகும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இஸ்ரேலியக் கலைஞர் சிகலித் லண்டாவ் 2014இல் ஒரு கறுப்பு நீள உடையைச் சாக்கடலுக்குள் தொங்கவிட்டார். பழைய யூத நாடகம் ஒன்றின் நாயகி அணிந்த உடையின் நகல் அது. நாள் போகப்போக உப்புப் பளிங்கு படர்ந்து, கறுப்பு உடை வெள்ளை மணப்பெண் உடையாக மாறிற்று. அந்த மாற்றத்தைக் காட்டும் புகைப்படங்கள் 2016இல் இலண்டனில் காட்சிக்கு வந்தன. கலைஞர் செய்தது உடையை இறக்கியதும் காத்திருந்ததும். மீதியைக் கடல் பார்த்துக்கொண்டது. புத்தளம் உப்பளக்காரருக்கு இந்த வேலைப் பங்கீடு நன்றாகத் தெரியும்.

பெட்டிச் செய்தி
உப்பு விளையும் விதம்
ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. பாத்தி பாத்தியாக நீரை மாற்றி வெயிலில் வற்றவைக்கும்போது முதலில் சுண்ணமும், அடுத்து ஜிப்சமும் படிகின்றன. அதன் பிறகுதான் கறியுப்பு. கடைசியில் மிஞ்சும் மக்னீசியம் மிகுந்த கசப்பு நீரைத் தக்க சமயத்தில் வெளியேற்றாவிட்டால் உப்பும் கசந்துபோகும். புத்தளம் என்ற பெயரே ‘உப்புத்தளம்’ என்பதிலிருந்து வந்தது என்பது இவ்வூர் மக்கள் பரம்பரையாகச் சொல்லும் விளக்கம்.

35 சதமும் 62 இலட்சமும்

2024 நவம்பரில் நியூயோர்க்கின் சதபீஸ் ஏலக்கூடத்தில், சுவரில் ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்ட வாழைப்பழம் 62 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. இத்தாலியரான மௌரிசியோ கத்தெலான் 2019இல் மியாமியில் முதன்முதல் காட்டிய படைப்பு அது. வாங்கியவர் கிரிப்டோ நாணயத் தொழிலதிபர் ஜஸ்டின் சன். சில நாட்களில் ஹொங்கொங்கில் செய்தியாளர்களைக் கூட்டி, அவர்கள் முன் பழத்தை உரித்துத் தின்றார். சமூக ஊடகங்கள் பல வாரம் அதையே பேசின.

எனக்கு மறக்க முடியாமல் இருப்பது வேறொன்று. ஏலத்தன்று அந்தப் பழம் ஏலக்கூடத்துக்கு வெளியே இருந்த தள்ளுவண்டிக் கடையில் 35 சதத்துக்கு வாங்கப்பட்டது. விற்றவர் வங்கதேசத்திலிருந்து வந்த முதியவர், மணிக்கு 12 டொலர் கூலிக்கு அந்தக் கடையில் நிற்பவர். பழம் என்ன விலைக்குப் போனது என்று நியூயோர்க் டைம்ஸ் செய்தியாளர் சொன்னபோது அவர் அழுதுவிட்டார்.

கலைக்கு எந்தப் பொருளும் ஆகும் என்பது நூறு வருடத்துக்கு மேலான பழைய செய்தி. 1912இல் பிக்காசோவும் பிராக்கும் காகிதத் துண்டுகளை ஓவியத்தில் ஒட்டினார்கள். 1917இல் டுஷாம் சிறுநீர்க் கலத்தைக் காட்சிக்கு அனுப்பினார். 1960களின் பிற்பகுதியில் இத்தாலியக் கலைஞர்கள் மண்ணையும் கந்தலையும் நிலக்கரியையும் கையிலெடுத்து, அதற்கு ‘ஏழைக் கலை’ என்று பெயரும் வைத்தார்கள். நம் நாட்டில் சந்திரகுப்த தேனுவர 1997 முதல், சோதனைச்சாவடிகளில் நின்ற தகரப் பீப்பாய்களையே தன் கலைப்பொருளாக்கி, போர் நம் அன்றாடத்துக்குள் எப்படிப் புகுந்து உட்கார்ந்தது என்று காட்டினார். மலையகத்தின் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் வடிகட்டியையும் எடுத்துத் தோட்டப் பெண்களின் வாழ்வைப் பேசுகிறார்.

ஆகவே ‘இதெல்லாம் கலையா?’ என்று இன்று கேட்பதில் பயன் இல்லை. அந்தப் பொருள் யாருடைய கையிலிருந்து வந்தது, அந்தக் கைக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. உப்பளமும் கரைவலையும் அகதி முகாமும் அடுத்தடுத்து இருக்கும் புத்தளம் கரையில் அந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம்.

வண்ணப்பெட்டி வராமற்போன நாள்

1997இல் ஜெனற் எகல்மன் என்ற அமெரிக்க ஓவியர் புல்பிரைட் உதவித்தொகையில் தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு வந்தார். ஓவியக் கண்காட்சி வைப்பது திட்டம். கப்பலில் அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. கண்காட்சி நாளோ நெருங்கிவிட்டது. சிற்பிகளின் ஊராயிற்றே என்று வெண்கலத்தில் வார்க்கப் பார்த்தார். பாரமும் செலவும் கட்டுப்படியாகவில்லை. மாலையில் கடற்கரையில் நடந்தபோது மீனவர்கள் வலைகளை மடித்துக் குவிப்பதைக் கண்டார். நாளும் பார்த்த காட்சிதான். ஆனால் அன்றைக்கு, பாரமே இல்லாமல் உருவம் கொள்ளும் ஒரு பொருளாக வலை அவர் கண்ணுக்குப் பட்டது. அந்த ஊர் மீனவர்களோடு சேர்ந்து வலையிலேயே முதல் சிற்பங்களை முடிந்தார்.

அங்கிருந்து அவர் பாதை மாறியது. 2005இல் போர்த்துக்கல்லின் போர்ட்டோ நகரக் கடலோரத்தில் மாபெரும் வலைச்சிற்பம் எழுந்தது. இன்று உருக்கை விடப் பல மடங்கு வலுவான இழைகளில் அவர் முடியும் வலைகள், உலக நகரங்களின் கட்டடங்களுக்கு நடுவே காற்றில் அலைகின்றன. மாமல்லபுரம் மீனவர்களை அவர் தன் பேச்சுகளில் நன்றியோடு நினைவுகூர்கிறார். ஆனாலும் அந்த முதல் முடிச்சுகளைப் போட்டவர்களில் ஒருவரின் பெயராவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புத்தளம் மாவட்டத்தின் உடப்பில் கரைவலை இழுப்பதை ஒரு தடவை பார்த்தவருக்கு எகல்மன் கண்டது என்ன என்று விளங்கும். வள்ளம் வலையைக் கடலில் வளைத்துப் போட்டு வர, இரு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். இழுக்கும் தாளத்துக்கு அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். பாட்டின் அடியும் காலின் அடியும் ஒன்றாக விழும். உழவு இயந்திரத்தில் பொருத்திய சுழலி கயிற்றை இழுக்கத் தொடங்கியபின் அம்பா தேய்ந்துகொண்டு போகிறது. இயந்திரத்துக்குப் பாட்டுத் தேவையில்லையே. உடப்பு வலையைக் கலைக்கூடத்தில் தொங்கவிட நினைக்கும் ஒருவர், அந்தக் குரல்களை விட்டுவிட்டு நூலை மட்டும் எடுத்துப்போனால் பாதியைத்தான் எடுத்துப்போகிறார்.

வலையின் ஆயுளையும் கவனிக்க வேண்டும். கரையோர வீடுகளில் கிழிந்த வலையை எறிவதில்லை. அது கோழிக்கூட்டுக்குப் போகும், மரக்கறித் தோட்டத்துக்கு வேலியாகும், காற்று தூக்காமலிருக்கக் கூரைமேல் போர்த்தப்படும். கடலில் அறுந்துபோன தங்கூசி வலையின் கதை வேறு. யாரும் இழுக்காமலே அது மீனையும் ஆமையையும் வருடக்கணக்காகக் கொன்றுகொண்டிருக்கும். அவுஸ்திரேலியாவின் டொரஸ் நீரிணையில் உள்ள ஏரூப் தீவின் பூர்வகுடிக் கலைஞர்கள் இந்தக் கொலைவலைகளைச் சேர்த்து, பின்னி, தங்கள் கடலின் ஆமைகளையும் மீன்களையும் செய்கிறார்கள். எந்த வலை கொன்றதோ அதே வலையில் அந்த உயிரின் உருவம். அதைச் செய்வோர் அந்தக் கடலோடு வாழ்பவர்கள். பெயரும் பணமும் அவர்கள் தீவுக்கே திரும்புகின்றன. புத்தளம் கரையின் கற்பிட்டி கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பெட்டிச் செய்தி
தொடக் கூடாத பொருட்கள்
கற்பிட்டியின் ஒல்லாந்தர் கோட்டை 1667 முதல் 1676 வரை கட்டப்பட்டது. அதன் சுவரில் முருகைக்கல் இருக்கிறது. இன்று முருகைக்கல்லை உடைத்தெடுப்பது சட்டப்படி குற்றம். கடலாமையின் ஓட்டுக்கும் அதே தடை. கற்பிட்டிக்கு அப்பால் உள்ள முருகைப் பாறைத்தொடர் 1992இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புதுமையான பொருளைத் தேடி வரும் கலை மாணவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லை இது.

இரண்டு மணி நேரத்தில் எதை எடுப்பது?

புத்தளத்தின் பொருட்களைப் பற்றி எழுதிவிட்டு 1990ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். புத்தளம் மக்கள் சோறும் துணியும் கொடுத்தார்கள். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் இடம் கொடுத்தார்கள். பிறகு கிடுகுக் குடிசைகள். சில மாதத்துக்கென்று வேய்ந்த கிடுகு, மழைக்கு மழை மாற்றி மாற்றி வேயப்பட்டு, ஒரு தலைமுறையையே வளர்த்தது.

வீட்டைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. வந்தவர்களிடம் மிஞ்சியது அதன் நினைவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் கலைஞர் தா. சனாதனன் அந்த நினைவையே மூலப்பொருளாக எடுத்தவர். 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அவர் வைத்த காட்சியில், வீடு வீடாகப் பெற்ற அன்றாடப் பொருட்களே படைப்பாயின. எரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட அந்த நூலகத்தில், போர் தின்னாமல் விட்ட சில்லறைப் பொருட்கள். 2011இல் வந்த அவருடைய புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்புக்கு ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள். வடக்கில் வீடிழந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை வரைந்து தரச் சொன்னார். அவர்களின் நடுங்கும் கோடு ஒரு தாளில். அதை ஒழுங்காக்கிய கட்டட வரைபடம் இன்னொன்றில். அதற்குச் சனாதனனின் வண்ணக்கட்டி ஓவியம் மற்றொன்றில். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. கற்பிட்டியில் கோட்டை கட்டிய அதே ஆட்சி, காணியை எழுதிவைத்த ஏட்டின் பெயர், காணி பறிபோனவர்களின் ஏட்டுக்குத் தலைப்பாகியிருக்கிறது.

அரசாங்கப் பதிவேட்டில் காணிக்கு எல்லை உண்டு, பரப்பு உண்டு. அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், கிணற்றடியில் துணி எங்கே காயும் என்பதெல்லாம் அதில் இராது. வாழ்ந்த கையால் வரைந்தால்தான் அது வரும். வாழைப்பழத்தைச் சுவரில் ஒட்டுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை எனக்கு வேறு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

கறுவா ஒதுங்கிய கரையில்

1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய ‘பத்தாலா’ புத்தளம்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். மலையாறுகள் அடித்துவந்த கறுவா மரங்கள் கரை நெடுகக் குன்றுபோல் குவிந்து கிடந்ததாகவும், தென்னிந்தியாவின் மாபார், மலபார் நாட்டவர் விலையின்றி அவற்றை அள்ளிப்போய், பதிலுக்கு மன்னருக்குத் துணி முதலானவற்றைக் கொடுத்ததாகவும் அவர் எழுதினார்.

அந்தக் கறுவா இன்று ஒரு தமிழ்க் கலைஞரின் கையில் இருக்கிறது. திருவண்ணாமலையில் பிறந்து சென்னையில் வேலை செய்யும் பெனிதா பெர்சியால், 2014ஆம் ஆண்டின் கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில் கிறிஸ்தவத் திருவுருவங்களைச் செய்து வைத்தார். கல்லும் மரமும் அல்ல. சாம்பிராணி, வெள்ளைப்போளம், கறுவா, கராம்பு, மரப்பட்டைத் தூள் எல்லாம் பிசைந்த உருவங்கள். கண்ணுக்கு முன் மூக்குக்கு எட்டும் சிற்பம். வாசனைத் திரவியம் தேடி வந்த கப்பல்களும் அவற்றோடு வந்த மதமும் ஒரே உடம்பாகிவிட்டன. காலம் போனால் வாசனை மங்கும். உருவம் வெடிக்கவும் கூடும். பொருளைத் தெரிவுசெய்தபோதே அந்த அழிவையும் சேர்த்துத் தெரிவுசெய்திருக்கிறார்.

2021இல் இந்தக் கரைக்கு வேறொன்று ஒதுங்கிற்று. மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. பருப்பு அளவான வெள்ளை பிளாஸ்டிக் மணிகள் கோடிக்கணக்கில் மேற்குக் கரையெங்கும் பரவின. நீரோட்டம் அவற்றை வடக்கே சிலாபம், கற்பிட்டி என்று கொண்டுவந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் உப்பு. கையில் எடுத்தால் நொறுங்காது, நீரில் கரையாது. மணலைச் சல்லடையில் சலித்து எடுத்தார்கள். அடுத்த அலை இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து போட்டது.

பெட்டிச் செய்தி
கப்பலின் கணக்கு
கப்பலில் இருந்த கொள்கலன்கள் 1,486. நைத்திரிக் அமிலம் 25 தொன். கடலில் கலந்த பிளாஸ்டிக் மணிகள் ஏறத்தாழ 1,680 தொன். பதிவான பிளாஸ்டிக் கசிவுகளில் உலகிலேயே பெரியது இது என ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் கணித்தார்கள். 2025 ஜூலை 24ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது.

இந்த மணிகளை ஒரு கலைஞர் என்ன செய்யலாம்? அழகான கண்ணாடிச் சாடியில் நிரப்பி வெளிச்சம் அடித்தால் அவை முத்துப்போல மின்னும். அந்த மின்னல் எனக்கு வேண்டாம். மீன் விற்காமல் அடுப்பு அணைந்த வீட்டின் கணக்கும், வெயிலில் குந்தியிருந்து சலித்தவரின் நாட்கூலியும் பக்கத்திலேயே எழுதப்பட்டால்தான் அந்தச் சாடி உண்மை பேசும்.

பெயர்ப்பலகையில் யார்?

விசித்திரமான பொருள் என்றதும் பத்திரிகைகள் பொருளின் விலையை எழுதுகின்றன. அதற்குப் பின்னால் வரும் சிக்கல்களை எழுதுவதில்லை. அருங்காட்சியகத்துக்கு உப்பு தீராத தலைவலி; ஈரக்காற்றை இழுத்து உருகும், பக்கத்து ஆணியையும் துருவாக்கும். டேமியன் ஹேர்ஸ்ட் 1991இல் திரவத்தில் மிதக்கவிட்ட சுறா அழுகிப்போய், 2006இல் வேறு சுறாவை வைத்தார்கள். பொருள் மாறியபின் படைப்பு அதுதானா என்று இன்னும் வாதாடுகிறார்கள். யமமோத்தோ கடலிடம் திருப்பிக் கொடுத்து அந்த வழக்கைத் தொடங்கும் முன்பே முடித்துவிட்டார்.

இதைவிடக் கனமான சிக்கல் உழைப்பு. குஜராத்தின் கச்சுப் பாலைவனத்து உப்பளத் தொழிலாளர் இறந்தால் உப்பேறிய பாதம் மட்டும் சிதையில் எரியாது என்று அங்கே சொல்வார்கள். உப்பைத் தேடிப்போகும் எந்தக் கலைஞரும் அந்தப் பாதத்தைத் தாண்டிப் போகக் கூடாது. கலைக்கூடச் சுவரில் ‘உப்பு, நூல், மரம்’ என்று பொருட்களின் பட்டியல் இருக்கும். உப்பை வாரியவர் யார், வலையை முடிந்தவர் யார் என்றும் அதே பலகையில் எழுதலாம். படைப்பு விலைபோனால் அவர்களுக்குப் பங்கு உண்டு என்று முதலிலேயே எழுதிக்கொள்ளலாம். திரைப்படத்தில் விளக்குப் பிடித்தவரின் பெயர் வரும்போது இது மட்டும் ஏன் முடியாது?

இன்னொன்று, பார்வையாளர். கொழும்பில் 2019 முதல் நவீன, சமகாலக் கலைக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. மும்மொழியிலும் விளக்கம் தருகிறது, நல்ல வேலை செய்கிறது. புத்தளத்திலிருந்து அங்கே ஏறக்குறைய 130 கிலோமீற்றர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு உப்பளத் தொழிலாளி போவாரா? புத்தளத்துப் பொருளில் பிறக்கும் படைப்பு முதலில் புத்தளத்தில், ஒரு பாடசாலை மண்டபத்திலோ உப்புக் கிடங்கிலோ, வைக்கப்பட வேண்டும். செய்தது சரியா என்று சொல்லத் தகுதியுள்ளவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

பொருளும் நிலைத்து நிற்காது. 2025இல் காலம் தப்பிய மழை உப்பளங்களைக் கரைத்துக்கொண்டு போனது. கடலால் சூழப்பட்ட தீவு இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது. கடைகளில் ஒரு பொதி உப்புக்கு மக்கள் அலைந்தார்கள். காலாகாலமாக மலிவென்று நினைத்த பொருள் ஒரு மழையில் அரும்பொருளாகிவிட்டது.

அதனால்தான் பாலாவியில் மாலையானதும் குவித்த அம்பாரத்தின்மேல் கிடுகு வேய்கிறார்கள். அடியிலிருந்து மேலே, ஒன்றன்மேல் ஒன்று ஏற, தண்ணீர் உள்ளே இறங்காதபடி. வெள்ளைக் குன்று மெல்ல மெல்லப் பழுப்பு வீடாக மாறுகிறது. வேய்கிறவர் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மேற்கே பார்க்கிறார். மேகம் கட்டியிருக்கிறது. இன்னும் இரண்டு பாத்தி பாக்கி.